கேப் பிறகு, ஈறு முதலில்: சிகிச்சை நடக்கும் வரிசை

உடைந்த பல்லுக்கு கேப் (பல்லை மூடும் உறை) போடப் போனால், "முதலில் ஈறைச் சரி செய்வோம், கேப்புக்கு இரண்டு மாதம் ஆகும்" என்பார்கள். இழுத்தடிக்கிறார்களோ என்று தோன்றும். இல்லை. வீங்கிய ஈறு தொட்டாலே ரத்தம் விடும். ரத்தமோ எச்சிலோ பட்ட பல்லில் பசை பிடிக்காது. வீக்கம் வற்றியதும் ஈறு சற்றுப் பின்வாங்கும் என்பதால், அவசரப்பட்டுப் போட்ட கேப்பின் விளிம்பு பிறகு வெளியே தெரியும்.

முதல் நாள் அளவெடுப்பு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒரு பல்லுக்கு 6 இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். "மூன்று, இரண்டு, ஐந்து" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போவது அதைத்தான். 1 முதல் 3 வரை பயமில்லை. 4 என்றால் கவனம் வேண்டும். 5, 6 என்று ஏறினால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். இந்த எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பலித்ததா என்று பின்னால் சொல்லப்போவது அவைதான். புகைபிடிப்பவர்கள் "ரத்தமே வருவதில்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நோயை மறைத்துவிடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறுவதும் தாமதப்படும்.

பல்லில் கெட்டியாகப் படிந்த காரை மேலோட்டமாக இருந்தால், அதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் போதும். ஈறு பல்லை விட்டு விலகி உண்டான ஆழமான பைகளுக்கு, மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பரப்பு வரை சுரண்டும் டீப் கிளீனிங். பெரும்பாலும் வாயின் ஒரு பக்கம் ஒரு நாள், மறுபக்கம் இன்னொரு நாள். மரப்பு விட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சாப்பிட்டால் கன்னத்தையோ நாக்கையோ கடித்துக்கொள்வீர்கள்.

அடுத்த வாரம் எல்லோரும் சொல்லும் புகார்கள் இரண்டு: பல் கூசுகிறது, சந்து விழுந்துவிட்டது. காரை மூடியிருந்த வேர் வெளியே வந்ததால் கூச்சம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டைத் தேய்த்து, துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விட்டால் சில வாரங்களில் தணியும். சந்து புதிதல்ல, காரையும் வீக்கமும் அதை அடைத்திருந்தன. "கிளீன் பண்ணியதால் பல் ஆடுகிறது" என்பதும் இதே கதைதான். எலும்பு போன பல்லை காரை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.

கொப்பளிக்க குளோர்ஹெக்சிடின் மருந்து 0.2 சதவீதம் தந்தால் 10 மில்லி, ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. பல் தேய்த்த உடனே கொப்பளித்தால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். அரை மணி நேரம் விடுங்கள். சொன்ன நாளுக்கு மேல் நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கு ருசி மாறும். என்னைக் கேட்டால், கொப்பளிக்கும் மருந்தைவிடப் பற்சந்து பிரஷ்ஷுக்குத்தான் மதிப்பு அதிகம். சந்துக்குச் சந்து அளவு மாறும். லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், முட்டித் தள்ளக் கூடாது. முதலில் ரத்தம் வந்தாலும் நிறுத்தாதீர்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி அளவெடுப்பு. ரத்தம் நின்று, ஆழம் 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கேப்புக்குப் போகலாம். 6-ஐத் தாண்டி ரத்தமும் வந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

சின்ன உடைசலுக்கும் சொத்தைக்கும் பல் நிற காம்போசிட் அடைப்பு போதும். பல் காய்ந்தால் வெளிறித் தெரியும் என்பதால், நிறம் தேர்வது வேலை தொடங்கும் முன். பிறகு எச்சில் படாமலிருக்க ரப்பர் விரிப்பு, பாஸ்பாரிக் அமில ஜெல் சுமார் 15 நொடி, கழுவல், பசை, நீல விளக்கு. காம்போசிட்டை வழக்கமாக 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனியே இறுக வைப்பார்கள். தடிமன் கூடினால் ஒளி அடிவரை போகாது, சுருக்கமும் பல்லை இழுக்கும். மரத்த வாயால் கடித்துப் பார்த்ததால் அடைப்பின் மேடு தெரியாமல் போவதுண்டு. கடிக்கும்போது மட்டும் வலித்தால் பெரும்பாலும் அதுதான். திரும்பப் போய்ச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் தேய்த்துத் தருவார்கள். உணவு சிக்கிக்கொண்டே இருந்தால் பக்கத்துப் பல்லோடு இடைவெளி விட்டுவிட்டார்கள் என்று பொருள். ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) 'டக்' என்று இறங்க வேண்டும்.

கேப்புக்கு, ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல பல் தேவை. அது இல்லாமல் வேருக்குள் கம்பி நட்டு நிறுத்தினால் ஒருநாள் கம்பியோடு கழன்று வரும். விளிம்பை ஈறுக்குள் மிக ஆழத்தில் புதைத்தாலும், ஒட்டும் சிமெண்ட் துணுக்கு உள்ளே தங்கினாலும் ஈறு சிவந்தே இருக்கும். தற்காலிக கேப் இருக்கும் நாட்களில் ஃப்ளாஸை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். அது கழன்றால் அன்றே சொல்லுங்கள். சில நாள் விட்டால் பக்கத்துப் பல் நகர்ந்து, வந்து சேரும் கேப் உட்காராது.