பழைய படமும் புதுச் சுவரும்

காரைக்குடிப் பக்கத்தில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக்கொண்டபோது, ஐயாவும் அப்பத்தாவும் நாற்காலிகளில் விறைப்பாக அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் என் பங்குக்கு வந்தது. அங்கே அது வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், நிலைக்கு மேலே, தலைப்பக்கம் சுவரைவிட்டு முன்னால் சாய்ந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் உள்ள படத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு முகம் நேராகத் தெரியவும், முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசாமல் இருக்கவுமே அப்படிச் சாய்த்து மாட்டினார்கள். பத்தடி உயரக் கூரையுள்ள சென்னை அடுக்ககத்தில் அந்தச் சாய்மானத்துக்கு வேலையில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடியில், சுவரோடு ஒட்டி இருந்தாலே போதும்.

சட்டத்தை மாற்றிவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வெள்ளைச் சுவரில் மூன்று அங்குல அகலத் தேக்குச் சட்டம் கனமாகத் தெரியும் என்பது அவர்கள் கருத்து. நான் சுவரைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்தேன். சுவருக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு வண்ணம் பூசிவிடுவோம். கதவும் நிலையும் அப்படியே இருக்கும். எங்கள் வாசற்கதவும் தேக்கு என்பதால், பாலிஷ் போட்ட பழைய சட்டம் அதற்கு உறவுக்காரனைப் போலப் பொருந்திவிட்டது. பிள்ளைகளின் வண்ணப் படங்களுக்கு மட்டும் முக்கால் அங்குலக் கறுப்புச் சட்டம் போட்டு, உள்ளறைக்குப் போகும் நடையில் வரிசையாக மாட்டினேன்.

சட்டத்தைவிட முக்கியமானது, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கும், படத்தைச் சுற்றி விளிம்பாகத் தெரியும் மவுண்ட் அட்டை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா அம்மாவின் கல்யாணப் படத்துக்கு ஒரு கடையில் பொன்னிற ஃபைபர் சட்டம் போட்டு வாங்கினேன். மவுண்ட் இல்லாமல் கண்ணாடியைப் படத்தின்மேல் நேரடியாக அழுத்திவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனதும், ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரிக்க முயன்றபோது அம்மாவின் கூறைப்புடவைக் கரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உரிந்து வந்தது. அதன்பின் தொடவில்லை, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன்.

மவுண்ட்டின் நிறத்திலும் கவனம் வேண்டும். தூய வெள்ளைக்கு நடுவே மஞ்சளேறிய பழைய படம் அழுக்கேறியதுபோல் மங்கிவிடுகிறது. சந்தன நிறம் வைத்தால் அதே மஞ்சள் அழகாகிறது.

மூதாதையர் படம் தெற்குச் சுவரில்தான் இருக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். மேற்குச் சன்னலின் வெயில் எட்டாத சுவரும் அதுவே என்பதால் எங்களுக்குள் வாக்குவாதம் வரவில்லை.

ஐயா படத்துக்குப் பூச்சி அரித்திருந்த பின்பலகையை மாற்றி, மவுண்ட் வைத்து, பழைய கண்ணாடியையே திரும்பப் பொருத்தச் சொன்னேன். அப்பத்தாவின் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் படிந்திருந்த சந்தனப் பொட்டின் தடத்தை மட்டும் துடைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.