மத்தி ஊட்டும் படலம்

என் மகனுக்கு நான்கு வயது. ஒரு இட்லி உள்ளே போக ஒன்றரை மணி நேரம் ஆகும். நிலா, காக்கா, எதிர்வீட்டு நாய் என்று யாரைத் துணைக்கு அழைத்தாலும் வாய் திறக்க மாட்டான். அப்பேர்ப்பட்ட நான் பெங்குவின் குஞ்சுகளுக்கு இரை ஊட்டப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன் என்றதும் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு டேபிள் மலை வரை கேட்டிருக்கும்.

அவர் வேலைக்காக நாங்கள் கேப் டவுனுக்கு வந்து அப்போது ஒரு வருடம். 2024 நவம்பர். அதற்கு முந்தைய மாதம்தான் ஆப்பிரிக்கப் பெங்குவினை 'மிக அருகிய இனம்' பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மொத்தம் 10,000 ஜோடிகூட இல்லை. செய்தியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

இந்தக் குஞ்சுகள் அநாதையாவது ஒரு விசித்திரமான காரணத்தால். பெரிய பெங்குவின்கள் வருடத்துக்கு ஒரு முறை மொத்த இறகையும் ஒரேயடியாக உதிர்த்துவிடும். புது இறகு முளைத்து முடிய மூன்று வாரம். அதுவரை உடம்பில் தண்ணீர் புகாமல் காக்க ஒன்றும் கிடையாது, கடலில் இறங்க முடியாது, கரையில் நின்றபடி பட்டினிதான். அந்த நேரம் பார்த்துப் பிந்திப் பொரித்த குஞ்சு கூட்டில் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் அதற்கு யார் மீன் கொண்டு வருவது? மத்தியும் நெத்திலியும் குறைந்துபோனதில் நிலைமை இன்னும் மோசம். அப்படிக் கைவிடப்பட்ட குஞ்சுகளை எடுத்து வந்து, தேற்றி, திரும்பக் கடலில் விடும் வேலையை டேபிள் வியூவில் இருக்கும் சான்காப் மையம் 2006 முதல் ஒரு திட்டமாகவே செய்கிறது.

பஞ்சுப் பொதி மாதிரி ஒன்றை மடியில் வைத்துக் கொஞ்சப்போகிறோம் என்ற நினைப்பில்தான் போனேன். கையில் கொடுத்ததோ மீனவர்கள் போடுகிற மாதிரி தடித்த ரப்பர் காற்சட்டை, பூட்ஸ், கையுறை, அதற்கு மேல் முழங்கை வரை இழுத்துவிட ஒரு உறை. "குஞ்சுக்குத்தானே இவ்வளவும்?" என்று கேட்டேன். மேற்பார்வைப் பெண்மணி பதில் சொல்லவில்லை. தன் கையைத் திருப்பிக் காட்டினார். பிறை பிறையாகத் தழும்பு.

இரண்டு விதிகள் சொன்னார். கொஞ்சக் கூடாது. பேசவும் கூடாது. மனுஷக் குரலுக்குப் பழகிவிட்டால் கடலுக்குப் போகிற பறவைக்கு ஆகாது. சாப்பாடு ஊட்டும்போது பேசக் கூடாதா? எங்கள் வம்சத்திலேயே யாரும் செய்யாத காரியம்! முதல் குஞ்சைப் பிடித்தவுடன் "என் கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று தானாக வந்துவிட்டது. ஒரு முறைப்பு கிடைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து குஞ்சை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். இடது கையால் தலையைப் பிடித்து அலகைத் திறந்து, வலது கையால் மத்தியைத் தலைப்பக்கமாக உள்ளே தள்ள வேண்டும். வால்பக்கமாகப் போனால் செதிலும் துடுப்பும் தொண்டையைக் கிழித்துவிடும். உள்ளே நாக்கிலும் மேலண்ணத்திலும் தொண்டையைப் பார்த்து வளைந்த முட்கள் வரிசையாக இருக்கின்றன, சீப்பு மாதிரி. கையுறைக்கு மேலேயே விரலில் உறுத்தும். வழுக்குகிற மீனுக்கு அதுதான் பிடிமானம். சரி, தள்ளியாயிற்று என்று அரை விநாடி முன்னால் கையை எடுத்தேன். குஞ்சு தலையை ஒரு உதறு உதறியது. மத்தி பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் 'சப்' என்று ஒட்டிக்கொண்டது.

எச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது விழாது, பாயும். பின்பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று சொன்னார்கள். எவ்வளவு தூரத்துக்கு என்று சொல்லவில்லை.

இரண்டாவது வாரம்தான் என் பெரிய சாதனை. ஒவ்வொரு குஞ்சுக்கும் எண் போட்ட பட்டை உண்டு. ஊட்டி முடித்ததும் பலகையில் குறித்துவிட வேண்டும். 16-இன் பட்டையில் எச்சம் அப்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. 18 என்று படித்து, ஏற்கெனவே வயிறு முட்டத் தின்றிருந்த 16-க்கே இன்னொரு பந்தி வைத்துவிட்டேன். அதுவும் மறுப்பே சொல்லாமல் விழுங்கியது. அடடா, நம் கைராசி என்று நான் பூரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போனது எல்லாம் போன வடிவிலேயே என் மடிக்கு வந்து சேர்ந்தது. மூலையில் நிஜமான 18 பசியில் கீச்சிட்டுக் கொண்டிருந்தது. பக்கத்துத் தடுப்பில் இருந்த பெரிய பெங்குவின் ஒன்று அண்ணாந்து கழுதை மாதிரியே கத்தியது. இந்த இனத்துக்குக் கழுதைப் பெங்குவின் என்று பழைய பெயர் உண்டு. அன்றைக்கு அது என்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை எடை போட்டபோது இரண்டும் ஏறித்தான் இருந்தன. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. நின்றுகொண்டிருந்தவர்கள் ஏழு பேர். வீட்டு வாசலிலேயே வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறைப் பக்கம் கை காட்டினார். மகனுக்குத்தான் அந்த வாசனை பிடித்துப்போனது. "அம்மா, பெங்குவினுக்கு எப்படி ஊட்டுவ?" என்று விடாமல் நச்சரித்தான்.

பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, அவனை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக் காட்டினேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாயைப் பிளந்தான். இட்லித் துண்டு உள்ளே போனது. இன்னொன்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு இட்லி காலி.

"தலைப்பக்கமாத்தானே ஊட்டின?" என்றார் வீட்டுக்காரர்.

இப்போது அவனுக்கு அந்த மஞ்சள் கையுறை இல்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை. போன வாரம் விருந்துக்குப் போன இடத்தில்கூட, பைக்குள்ளிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.