மாடு அவருது, பால் என்னுது

கென்யால கஜியாடோ பக்கம் மாடு மேய்க்கிற மாசாய் மக்களோட பால் ப்ராஜெக்ட்ல வேலை பாத்தேன். ஊர்ல சொன்னா எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், மாடு எவ்ளோ கறக்கும்? அங்கத்து செபு மாடு (திமில் வச்ச நாட்டு மாடு) கன்னுக்குட்டி குடிச்சது போக ஒரு லிட்டர், நல்லா மழை பெஞ்சா ரெண்டு, அவ்ளோதான். ஆனா எங்களுக்கு தலைவலி குடுத்தது லிட்டர் இல்ல, காசு யார் கைக்குப் போகுதுங்கறது.

அங்க மாடு ஆம்பளைங்க சொத்து. கறக்குறது, பிள்ளைங்களுக்கு எவ்ளோ, பக்கத்து வீட்டுக்கு எவ்ளோன்னு முடிவு பண்றது எல்லாம் பொம்பளைங்க. பால் ஊத்தி வைக்கிற சுரைக்குடுவைய சுத்தம் பண்றதே தனி வேலை. காட்டு ஒலிவ மரக்குச்சிய பத்தவச்சு அந்த நெருப்புக் கங்க உள்ள விட்டு தேய்ச்சு, மாட்டு வால் முடி கட்டுன பிரஷ்ஷால கரித்தூள வெளிய எடுப்பாங்க. பால்ல லேசா புகை வாசம் வரும், அதுல டீ போட்டு குடிச்சா அடிச்சுக்க முடியாது. டெய்ரிக்காரங்களுக்கு மட்டும் அந்த வாசம் ஆகாது, அதனால பால் வாங்குற சென்டருக்கு அலுமினிய கேன்தான்.

சாயங்காலப் பால் வீட்டுக்கு, காலைப் பால் சென்டருக்கு. போடா போடா (ஆமா, பைக் டாக்ஸிக்கு பேரே அதான்) பின்னாடி கேன கட்டிக்கிட்டு வந்து லாக்டோமீட்டர் (தண்ணி கலந்திருக்கான்னு பாக்க), ஆல்கஹால் டெஸ்ட் (பால் கெட்டுப்போச்சான்னு பாக்க) எல்லாம் தாண்டி ஊத்துவாங்க. இதெல்லாம் ஒழுங்காதான் நடந்துச்சு, ஆனா ஃபாரத்துல "மாட்டு உரிமையாளர்"னு ஒரு கட்டம் இருந்துச்சு பாருங்க, அதுல புருஷன் பேரு ஏறும், மாசக் கடைசில எம்-பேசா காசு (ஃபோன்லயே பணம் அனுப்புறது) அவர் ஃபோனுக்கே போயிடும். அப்புறம் என்ன, பாதிப் பால் ரோட்டோரம் டீக்கடைக்குப் போக ஆரம்பிச்சுது, அங்க விலை கம்மின்னாலும் கையில உடனே காசு, சக்கரையும் மக்காச்சோள மாவும் வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மேல இருந்தவங்க இதுக்கு வச்ச பேரு "லீக்கேஜ்". எனக்குக் கேட்டாலே எரிச்சலா வரும், அவங்க பால அவங்க விக்கிறாங்க, இதுல என்ன லீக்கேஜ்? ஒரு பாட்டிம்மாகிட்ட கேட்டப்போ "மாடு அவருது, பால் என்னுது, உங்க பேப்பர்தான் ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு"ன்னுட்டாங்க.

அப்புறம்தான் ஃபாரத்துல "பால் ஊத்துறவர்"னு மாத்தி, வாராவாரம் சந்தை நாள்ல பட்டுவாடான்னு வச்சோம். கொஞ்சம் பேர் தங்களோட சாமாவுக்கு, அதான் நம்ம சீட்டுக் குழு மாதிரி, நேரா போடச் சொன்னாங்க. சில புருஷங்க வந்து சத்தம் போட்டாங்கதான், ஆனா ஊர்ப் பெரியவங்களே பால் என்னைக்கும் பொம்பளைங்க கணக்குதானேன்னு அடக்கிட்டாங்க.

இதெல்லாம் மழை இருக்கற வரைக்கும்தான். 2020 கடைசில இருந்து தொடர்ந்து மழை பொய்ச்சப்போ ஆம்பளைங்க மாட்ட ஓட்டிக்கிட்டு புல்லு தேடி எங்கெங்கயோ போயிட்டாங்க, வீட்டுல நின்ன ஒண்ணு ரெண்டு மாட்டுப் பால் பிள்ளைங்களுக்கே பத்தல. சென்டர்ல வேலையே இல்ல, கறவை ஜாதி மாத்துனா எல்லாம் சரியாயிடும்னு பேசுறவங்கள அந்த நேரத்துல கூட்டிட்டு வந்து காட்டணும்.

இப்ப ஒரு சாமால காசு சேத்து சஹிவால் காளை வாங்கலாம்னு கிளம்பியிருக்காங்க. அது நம்ம பக்கத்து பஞ்சாப் மாடுதான், 1930-கள் கடைசிலயே அங்க கொண்டுபோயிட்டாங்க, செபுவோட சேந்தா பாலும் கூடும் உடம்பும் வைக்கும். காசு ரெடி. காளைய யார் பேர்ல எழுதுறதுன்னுதான் பஞ்சாயத்து இன்னும் ஓடிட்டிருக்கு.