அக்காவின் அறுவைச் சிகிச்சைக்கு முன்

அடுத்த மாதம் என் அக்காவுக்குக் கருப்பையை எடுக்காமல் அதிலுள்ள நார்க்கட்டிகளை மட்டும் அகற்றும் அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொரிஷியஸின் காத்ரு போர்ன் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிற்கு வந்தவள், "உனக்கு அறுவைக்குப் பின் குடல் ஒட்டிக்கொண்டதுபோல எனக்கும் உள்ளே ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

எனக்குப் 19 வயதில் குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பியபோது, உள்ளேயும் தழும்பு உண்டாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தைப்பூசக் காவடிக்கு முதல் நாள், ஏழு கறிக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வலி அலை அலையாக வந்தது. வயிறு உப்பி இறுகியது, பச்சையாக வாந்தி எடுத்தேன், வாயுவும் பிரியவில்லை. மருத்துவர் "அதெரான்ஸ்" என்றார். உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு அது பிரெஞ்சுச் சொல். பழைய அறுவையில் உருவான நார் ஒன்று சிறுகுடலை இழுத்து மடக்கியிருந்தது. மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, நரம்பில் திரவம் ஏற்றி, பட்டினியாகப் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் வாயு பிரிந்ததைச் சொன்னபோது, தாதியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுபடி கத்தி வைக்காமல் தப்பினேன். ஒட்டியதைப் பிரிக்கச் செய்யும் அறுவையே புதிய ஒட்டுகளை உண்டாக்கக்கூடும் என்பதால், குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்படும் அறிகுறி இல்லாதவரை பொறுத்துப் பார்ப்பதே வழக்கம்.

வயிற்றறையையும் குடலையும் போர்த்தியிருக்கும் உறை வழுவழுப்பானது. அது காயப்பட்டால், உலர்ந்தால், அல்லது அதன்மேல் இரத்தம் தேங்கினால், சில மணி நேரத்திற்குள் ஃபைப்ரின் என்னும் பசை படர்ந்து அருகிலுள்ள பரப்புகளை ஒட்ட வைக்கிறது. அந்தப் பசையைக் கரைக்கும் ஆற்றல் உடலுக்கே உண்டு. ஆனால் அறுவையின்போது இரத்தத்தை நிறுத்த அளவுக்கு மீறிச் சுட்ட இடத்திலும் இறுக்கித் தைத்த இடத்திலும் இரத்த ஓட்டம் குறைவதால் அந்த ஆற்றல் குன்றிவிடுகிறது. சில நாட்களில் கரையாத பசைக்குள் நார் உண்டாக்கும் செல்கள் புகுந்து, அதை நிலையான கயிறாக மாற்றிவிடுகின்றன. தோல் காயம் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆறும். இந்த உறையோ பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் புதுப்பித்துக்கொள்வதால், காயம் சிறிதானாலும் பெரிதானாலும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மூடிவிடுகிறது. ஆக, ஒட்டுமா ஒட்டாதா என்பது பெரும்பாலும் அறுவை அறையிலும் அதையடுத்த சில நாட்களிலும் முடிவாகிவிடுகிறது. பல மாதங்கள் கழித்து விளக்கெண்ணெய் தடவி நீவினால் ஒட்டு கரையும் என்று எங்கள் பெரியம்மா சொல்வதை, அன்பு மிகுதியால் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இது எவருக்கோ எப்போதோ வரும் தொல்லை அன்று. ஸ்காட்லாந்தில் 1986இல் வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களைப் 10 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மூவரில் ஒருவர் என்ற அளவைவிடச் சற்றுக் கூடுதலானோருக்கு, ஒட்டுகளோடு தொடர்புடைய அல்லது ஒட்டுகளால் சிக்கலாகக்கூடிய காரணங்களுக்காக மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

அதனால்தான் அக்காவிடம், முன்கூட்டியே கேள் என்றேன். சிறு துளைகள் வழியாகச் செய்ய முடியுமா என்பது முதல் கேள்வி. அப்போது குடலைக் கையாளுவதும் காற்றுப்பட்டு உலர்வதும் குறைகின்றன. வெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இயன்றால் கருப்பையின் முன்பக்கத்தில் வெட்ட முடியுமா என்பது அடுத்தது. பின்பக்க வெட்டு சூலகங்களுக்கும் கருக்குழாய்களுக்கும் அருகில் இருப்பதால் அங்கே ஒட்டு அதிகம், அது பிள்ளைப்பேற்றுக்கும் தடையாகலாம். கையுறைத் தூளும் உள்ளே ஒட்டுகளைத் தூண்டக்கூடியது. தூள் பூசிய கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடை செய்தது. ஹையலூரோனிக் அமிலமும் செல்லுலோஸ் வகைப் பொருளும் சேர்ந்த தடுப்புப் படலம் ஒன்று அங்கே 1996 முதல் அனுமதி பெற்றிருக்கிறது. அது ஒட்டுகளைக் குறைக்கிறது, அறவே தடுப்பதில்லை. குடலை வெட்டி இணைத்த தையலின்மேல் சுற்றினால் கசிவு அபாயம் கூடுகிறது. எனவே பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆனால் மென்மையாகக் கையாளுதல், இரத்தக் கசிவை முழுமையாக நிறுத்துதல், திசுக்களை ஈரமாக வைத்திருத்தல் ஆகியவற்றுக்கு ஈடான படலம் எதுவும் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

வீடு திரும்பிய பின், எத்தனை ஆண்டுகள் ஆனாலும், விட்டு விட்டு முறுக்கும் வலியோடு வாந்தியும் வயிற்று உப்பலும் வந்து, மலமும் வாயுவும் நின்றுபோனால், கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய அறுவையை அங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அக்கா இவற்றை மருத்துவருக்காகப் பிரெஞ்சு மொழியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை அவளோடு நானும் போகிறேன்.