காரை உரித்த சுவர்

புதுச்சேரியில் பழைய வீடுகளைக் காபிக் கடையாகவும் விடுதியாகவும் மாற்றும் சைட்களில் எல்லா உரிமையாளரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த ஒரு சுவர்ல மட்டும் பூச்சை உரிச்சு செங்கல் தெரியற மாதிரி பண்ணிடுங்க சார்." கட்டியவர்கள் அந்தக் கல் வெளியே தெரியும் என்று நினைத்துக் கட்டவே இல்லை. மேலே சுண்ணாம்புப் பூச்சு வரும் என்ற தைரியத்தில் அரைவேக்காட்டுக் கல்லையும் இடையில் சொருகியிருப்பார்கள்.

பூச்சு இறங்கியதும் கல்லின் மேல் மிச்சமிருக்கும் சுண்ணாம்புக் காரை வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். மேஸ்திரி உடனே ஆசிட்டைச் சொல்வார். "ரெண்டு பாட்டில் ஊத்தித் தேய்ச்சா பளிச்சுனு வந்துடும் சார்." நான் வாதாடுவதில்லை. உதிர்ந்து கிடக்கும் காரைத் துண்டை வாசலில் வைத்து, அதன்மேல் நாலு சொட்டு விடச் சொல்வேன். புஸ்ஸென்று நுரைக்கும். நுரை அடங்கியபின் குச்சியால் கிண்டினால் மேல்பக்கம் சேறாகக் குழையும். சுவரில் கல்லையும் கல்லையும் பிடித்துவைத்திருப்பது அதே காரைதான். அதோடு, அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் குளோரைடு உள்ளேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடலோர ஊரில் இது வேறு வேண்டுமா?

கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டுவதற்கும் நான் விடுவதில்லை. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விட்டால், அப்புறம் தொடும்போதெல்லாம் செம்மண்ணாக உதிரும். காரையைச் சின்ன உளியால் மெதுவாகத் தட்டி எடுத்து, மிச்சத்தைத் தென்னை நார் பிரஷால் தேய்த்தால் போதும். கூலி கூடும், அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

உப்புதான் பெரிய தலைவலி. இடுப்பளவு உயரம்வரை பஞ்சுபோல் பூத்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வெளியே வரும். உலர்ந்தபடியே பிரஷால் தட்டி, தரையில் விழுந்ததையும் சேர்த்து அள்ளி வெளியேற்ற வேண்டும். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து ஏறுகிறது என்று பார்க்காமல் இதைச் செய்தால் ஆயுசுக்கும் தட்டிக்கொண்டிருக்கலாம்.

செங்கல் தூசியில் சிலிக்கா உண்டு. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மூக்கில் துண்டு கட்டிக்கொள்வதெல்லாம் கதைக்கு ஆகாது. முகத்தில் ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் வேண்டும், கூட்டுகிற சித்தாளுக்கும் சேர்த்துத்தான். பழைய பெயின்ட் இருந்தால் உலரத் தேய்ப்பதும் தீயால் வாட்டுவதும் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதையும் நான் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொண்டு, ஈரமாக்கித்தான் சுரண்டச் சொல்வேன்.

கடைசியில் பளபளப்பு வார்னிஷ் கேட்பார்கள். அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவருக்கு அதைப் பூசினால் உப்பு பின்னால் அடைபட்டு, கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளும். உட்காருகிறவர்களின் சட்டையில் செம்மண் ஒட்டுமே என்பது நியாயமான கவலைதான். அதற்கு நாற்காலி முதுகு உரசும் உயரம்வரை நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு இரண்டு கை அடித்துக் கொடுப்போம். கல்லின் நிறம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், சுவர் மூச்சுவிடும்.