அந்தச் சிப்பாயைக் கொடுத்தது சரியா?

கம்ப்யூட்டர்கள் ஆடும் செஸ்ஸில் ஒன்று சும்மா ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துவிட்டால், "இந்தப் பலி செல்லுமா, பின்னால் பலன் தருமா?" என்று உடனே சண்டை வந்துவிடும். பெரும்பாலும் யாராவது எஞ்சினை (செஸ் ஆடும் மென்பொருளை) ஓடவிட்டு, யார் கை ஓங்கியிருக்கிறது என்று அது காட்டும் எண்ணைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடுவார்கள். அந்த எண் மட்டும் போதாது என்பது என் கட்சி.

2017 டிசம்பரில் வெளியான ஆல்ஃபாஸீரோ - ஸ்டாக்ஃபிஷ் (இரண்டுமே செஸ் ஆடும் மென்பொருள்கள்) ஆட்டங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குயின்ஸ் இந்தியன் என்ற தொடக்க முறை, ஆல்ஃபாஸீரோ வெள்ளை. 6ஆவது நகர்த்தலில் டி5 கட்டத்துக்குத் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) தள்ளிய சிப்பாய் வெட்டுப்படுகிறது, வெள்ளை இன்னொரு சிப்பாயால் திருப்பி வெட்ட, 8ஆவதில் கறுப்பின் குதிரை அதையும் எடுத்துக்கொள்கிறது. எண்ணிப் பார்த்தால் வெள்ளைக்கு 6 சிப்பாய், கறுப்புக்கு 7. பதிலுக்கு வெள்ளைக்குக் கையில் எதுவும் வரவில்லை, ராஜாவை மிரட்டும் தாக்குதலும் இல்லை.

ஆனால் கறுப்பிடம் கூடுதலாக இருக்கும் அந்தச் சிப்பாய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டி7இல். அது நகர முடியாமல் நிற்பதால் பின்னால் இருக்கும் காய்களுக்கு வழி இல்லை. ராணி பி8, சி8 என்று ஓரத்திலேயே அலைகிறது, ஏ8 யானை வீட்டை விட்டுக் கிளம்புவதே 28ஆவது நகர்த்தலில்தான். அதற்குள் வெள்ளை ராணி எஃப்5, எஃப்4, ஜி4, எச்4 என்று சுற்றி எச்6இல் போய் உட்கார்ந்துவிட்டது, வெள்ளையின் யானை ஒன்று டி6 வழியாக எஃப்6க்கு வந்து கறுப்பு ராஜாவின் பக்கத்திலேயே கூடாரம் போட்டுவிட்டது. எண்ணிக்கையில் கூடுதல்தான், ஆட்டத்தில் அது ஒரு சுமை.

இதைச் சொன்னால் வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: ஸ்டாக்ஃபிஷ் 8க்கு அன்று 1 ஜிபி ஹாஷ்தான் (அலசிய நிலைகளை வைத்துக்கொள்ளும் நினைவகம்) கொடுத்தார்கள், ஒரு நகர்த்தலுக்கு 1 நிமிடம் என்று கட்டிப்போட்டார்கள், தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பும் இல்லை. நியாயமான மறுப்புதான். 100 ஆட்டத்தில் ஆல்ஃபாஸீரோவுக்கு 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்ற கணக்கை வைத்து யார் பெரியவர் என்று தீர்ப்பு எழுத நானும் வரமாட்டேன். ஆனால் ஹாஷைக் கூட்டியதும் டி7 சிப்பாய் தானாக நகர்ந்துவிடாது இல்லையா?

சரி, எஞ்சின் காட்டும் எண்ணுக்கு வருவோம். ஸ்டாக்ஃபிஷ் அன்று வினாடிக்கு சுமார் 7 கோடி நிலைகளைப் பார்த்தது, ஆல்ஃபாஸீரோ பார்த்தது 80 ஆயிரம். இருந்தும் இந்தப் பலிக்கான பலன் கண்ணில் பட நாற்பதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள் ஆகின்றன, அவ்வளவு தூரம் எல்லாக் கிளைகளையும் எண்ணிக்கொண்டே போய்ச் சேர முடியாது, நடுவில் எங்கோ ஒரு மதிப்பீட்டை நம்பித்தான் ஆகவேண்டும். அந்த மதிப்பீடு அன்று மனிதர்கள் கையால் எழுதிய விதிகளால் ஆனது. 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12இல் அந்த இடத்துக்கு நியூரல் நெட்வொர்க் வந்துவிட்டது. அதே பெயர், வேறு கண். அப்புறம் எந்தப் பதிப்பின் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது?

கடைசிக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 44ஆவதில் கறுப்பு இ5 சிப்பாயையும் எடுத்து இரண்டு சிப்பாய் கூடுதலாகிவிடுகிறது. வெள்ளை யானையை டி5இல் வைத்து ராணியை விரட்டுகிறது, ராணி எச்8 மூலைக்குப் போகிறது. அடுத்து ஒரு குதிரைக்காக யானையைக் கொடுத்து, 49ஆவதில் மற்ற யானையை மறுபடியும் எஃப்6இல் வைத்ததும் ராணிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது, வெள்ளை ராணி விலகிய எச்6 வரை நடந்து வந்த வெள்ளைச் சிப்பாய் ஏற்கெனவே ஜி7ஐ அடைத்திருக்கிறது. கறுப்புக்கு உருப்படியாக நகர்த்த எதுவுமில்லை. 51ஆவதில், வேறு வழியில்லாமல், அந்த டி7 சிப்பாய் முதல்முறையாக அசைகிறது. டி5க்கு வந்தவுடன் பிஷப் வெட்டிவிடுகிறது.

கறுப்பு நடுவில் எங்கோ திருத்தி ஆடி டிரா செய்திருக்கலாம். செய்திருந்தாலும் இந்தப் பலி செல்லும் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிராவுக்குப் போராட வேண்டியது கறுப்புதான். ஒத்துக்கொள்ளாதவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு 8ஆவது நகர்த்தல் முதல் 28ஆவது வரை கறுப்புப் பக்கம் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.