குடல் அறுவைக்குப் பின் வாழ்க்கைத் தரம்: ஆய்வேடு எழுதப்போகும் இளையவர்களுக்கு

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை படிப்பவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் பருவம் வந்தால் எனக்கு அழைப்புகள் வரும். மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க எந்தப் படிவம் நல்லது என்று கேட்பார்கள். கோவையில் அதே தலைப்பில் எழுதித் தேர்வையும் கடந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: படிவம் தேர்வது அரை நாள் வேலை. யாரை, எப்போது, யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறோம் என்பதற்குத்தான் மீதி உழைப்பு முழுவதும் போகும்.

படிவத்தை முதலில் முடித்துவிடுவோம். இ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பிய ஆய்வமைப்பின் க்யூ.எல்.க்யூ.-சி30, புற்றுநோயாளிகளுக்குப் பொதுவானது, முப்பது கேள்விகள். பெருங்குடல், மலக்குடல் நோயாளிகளுக்கு அதனுடன் சிஆர்29 என்ற இணைப்பு. ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு, அதற்கான பை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இணைப்பில் தனித்தனிக் கேள்விகள் இருப்பது பெரிய வசதி. கல்வி ஆய்வுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அனுமதி கேட்டே எடுக்க வேண்டும். அமைப்பு தரும் தமிழ் வடிவத்தையே பயன்படுத்துங்கள். விடுதி அறையில் உட்கார்ந்து நாமே தமிழாக்கியதைத் தேர்வாளர் ஏற்க மாட்டார்.

குடலை மீண்டும் இணைத்தவர்களுக்கு, மலக்குடல் அறுவைக்குப் பின் வரும் மலப்பழக்கத் தொல்லைகளை அளக்கும் லார்ஸ் மதிப்பெண்ணும் வேண்டும். டென்மார்க்கில் உருவாகி 2012இல் வெளியானது. ஐந்தே கேள்விகள், மொத்தம் 42. இருபது வரை தொல்லை இல்லை, 21 முதல் 29 வரை சிறிது, 30 முதல் கடுமை. அந்த மதிப்பெண்ணைப் பிரித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். நாளுக்கு ஏழு முறைக்கு மேல் மலம் கழிப்பவருக்கு 4 மட்டுமே. கழிப்பறைக்கு ஓடியே தீர வேண்டிய அவசரம் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்தால் 16. ஒருவரின் நாளைக் கெடுப்பது எண்ணிக்கையைவிட அந்த அவசரம்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் இயந்திரத்தை விட்டு எழ முடியாதவரிடமும், கோபியிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறுபவரிடமும் கேட்டால் தெரியும். பரிசோதனைக்கு வரும் நாளில் வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கிடாவிருந்துக்குப் போவதையே விட்டவர்கள் உண்டு. இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதி வையுங்கள். முடிவுகளை விவாதிக்கும் அத்தியாயத்துக்கு உயிர் கொடுப்பவை இவைதான்.

படிப்பு மூன்றே ஆண்டு என்பதை மறந்து திட்டம் போடாதீர்கள். ஆசனவாய்க்கு அருகில் குடலை இணைத்தால் அந்த இடத்துக்குப் பாதுகாப்பாகத் தற்காலிக ஸ்டோமா வைப்பார்கள். கீமோ முடியும்வரை அதை மூடுவது தள்ளிப்போகலாம். பை இருக்கும்வரை லார்ஸ் கேட்பதில் பொருளில்லை. மூடிய பிறகும் ஏறத்தாழ ஓராண்டு மலப்பழக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே தொடர்ந்து அளக்கும் ஆய்வு என்றால் முதலாண்டிலேயே நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். முடியாதென்றால், ஏற்கெனவே அறுவை முடிந்தவர்களிடம் ஒரே முறை அளந்து, முன்நிலை தெரியாது என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். குடலடைப்புடன் அவசரமாக வந்தவர்களைத் தனிக் குழுவாக வையுங்கள்.

இனி முக்கியமானது. புறநோயாளர் பிரிவில் பெரியவர் தனியாக வருவதில்லை. கேள்வியை நாம் அவரிடம் கேட்போம். "அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லைங்க டாக்டர்" என்று மகன் பதில் சொல்லிவிடுவார். பணச் சிரமம் பற்றிய கேள்வி வரும்போது, செலவு செய்த மகன் எதிரில் எந்தத் தகப்பன் உண்மை சொல்வார்? மகனை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். கதவு சாத்தியதும், "அம்மிணி, உண்மையைச் சொல்லட்டுங்களா" என்று குரலைத் தாழ்த்தித் தொடங்குவார்கள். அறுவை செய்தவர் கேட்கவே கூடாது. அவர் மனம் நோகக் கூடாதென்று எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். பாலுறவு பற்றிய கேள்விகளைப் பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ கேட்டால் ஓரளவு பதில் வரும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கட்டத்தை நிரப்பாமல், காரணத்தைக் குறியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம், விளக்கம் சொல்லக் கூடாது. நீண்ட நடை சிரமமா என்ற கேள்வியைப் பழநி பாதயாத்திரையோடு சேர்த்துச் சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டியவரிடம் அடுத்த முறையும் வாசித்தே கேளுங்கள்.

கணக்கிடுவதில் ஓர் இடம் மட்டும் வழுக்கும். இ.ஓ.ஆர்.டி.சி. படிவங்களில் மதிப்பெண் எல்லாம் 0 முதல் 100 வரை. செயல்திறன் கேள்விகளில் அதிகம் என்றால் நல்லது, அறிகுறிக் கேள்விகளில் அதிகம் என்றால் மோசம். ஒன்று முதல் நான்கு வரையான விடைகளின் சராசரி 2 என்றால் செயல்திறனில் 66.7, அறிகுறியில் 33.3. புள்ளியியலாளரிடம் தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் திசையை எழுதிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டது: "நிரந்தர ஸ்டோமா வைத்தவரின் வாழ்க்கைத் தரம் குறைவுதானே?" ஆம் என்று சொல்லத் தூண்டும் கேள்வி. அப்படி உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்பதே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் புதுப்பித்த தொகுப்பின் முடிவு. கடுமையான லார்ஸ் தொல்லையோடு இருப்பவர், பைக்குப் பழகிவிட்டவரைவிட அதிகம் அவதிப்படலாம். அடுத்த கேள்வி, "அப்படியானால் அறுவைக்கு முன் நோயாளியிடம் என்ன பேசுவீர்கள்?" என்ன வேலை, வேலையிடத்தில் கழிப்பறை எவ்வளவு தூரம், பையை மாற்ற வீட்டில் யார் உதவுவார்கள் என்று கேட்பேன் என்றேன். தேர்வாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.